ஸ்டப் வைத்த பிறகும் டெஸ்ட் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆர்டர் எடுக்கும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் எழுதியது. பணம் வாங்க பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடுகிறது, வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல எஸ்எம்எஸ் சேவையைக் கூப்பிடுகிறது. பல பாகங்களைச் சேர்த்துச் சோதிக்கும் இன்டெக்ரேஷன் டெஸ்ட் ஓடும்போது அந்த இரண்டு நிஜச் சேவைகளும் வேண்டாம். அவற்றின் இடத்தில் ஒரு வயர்மாக் சர்வர் நின்று, நாம் எழுதிக்கொடுத்த பதிலைத் திருப்பிச் சொல்கிறது. இந்தக் கோரிக்கை வந்தால் இந்தப் பதில் என்று எழுதிவைக்கும் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டப். கீழே வரும் கோளாறுகளை இந்த அமைப்பை வைத்தே விளக்குகிறேன். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்), பைத்தான் பக்கம் வேறு மாதிரி நடக்கும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோரிக்கை யாரிடம் போய்ச் சேர்ந்தது? இதற்கு விடை தெரியாமல் கோடைத் திறந்து வரி வரியாகத் தேடுவது வீண் வேலை. வயர்மாக் தனக்கு வந்த கோரிக்கைகளை எல்லாம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கும். அது ஓடும் போர்ட்டில் /__அட்மின்/ரிக்வெஸ்ட்ஸ் என்ற பாதையை பிரவுசரில் திறந்தால் முழுப் பட்டியலும் வரும். கடைசியில் /அன்மேட்ச்ட் என்று சேர்த்தால், எந்த ஸ்டப்போடும் பொருந்தாமல் போனவை மட்டும் வரும். பட்டியலில் உங்கள் கோரிக்கையே இல்லை என்றால் கோளாறு வலைத்தொடர்பிலோ முகவரியிலோ இருக்கிறது. இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை என்றால் ஸ்டப் எழுதிய விதத்தில். பொருந்தியும் டெஸ்ட் விழுகிறது என்றால் பதிலில், அல்லது அதைப் படிக்கும் உங்கள் கோடில்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பதிவேட்டைப் பார்க்க டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தினால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கம் வராது. வயர்மாக்கும் உங்கள் டெஸ்டும் ஒரே ஜேவிஎம்மில் (ஜாவா கோடை ஓட்டும் ப்ராசஸில்) ஓடுகின்றன; பிரேக்பாயின்ட் எல்லா த்ரெட்களையும் நிறுத்தும்போது வயர்மாக்கும் நின்றுவிடுகிறது. அந்த ஒரு த்ரெட்டை மட்டும் நிறுத்தும்படி பிரேக்பாயின்ட் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இதைவிட நல்லது, டெஸ்ட் விழும்போதெல்லாம் பொருந்தாத கோரிக்கைகளை லாக்கில் எழுதிவிடும்படி ஒரு மெத்தட் எழுதி வைப்பது. சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வரில்) விழும் டெஸ்டுக்கு அது ஒன்றுதான் துணை.

கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வருகிறது

கோரிக்கை எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்த முகவரியில், அந்த போர்ட்டில் யாரும் இல்லை.

வயர்மாக் தானாக எடுத்துக்கொள்ளும் போர்ட் 8080. ஸ்பிரிங் பூட்டும் அதே 8080-ஐத்தான் எடுக்கும். இந்தச் சண்டையைத் தவிர்க்க எல்லோரும் வயர்மாக்குக்கு 0 என்று கொடுத்து, காலியான ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். சரியான முடிவுதான். ஆனால் எந்த போர்ட் கிடைத்தது என்பதை உங்கள் சேவைக்கும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கில் அதற்கு டைனமிக் பிராப்பர்ட்டி சோர்ஸ் இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் யாரோ பழைய போர்ட் எண்ணை நிலையாக எழுதிவைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது. முதல் டெஸ்ட் கிளாஸ் நன்றாக ஓடுகிறது, இரண்டாவது கிளாஸ் முழுக்க கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட். எந்த கிளாஸை முதலில் ஓட்டினாலும் அது பாஸ் ஆகிறது, பின்னால் வருவது விழுகிறது. இப்படி இருந்தால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்: வயர்மாக்கைப் பொதுவான ஒரு பேஸ் கிளாஸில் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸ் முடியும்போதும் டெஸ்ட்களை ஓட்டும் ஜேயூனிட் அந்த சர்வரை அணைத்து, அடுத்த கிளாஸுக்குப் புதிதாக எழுப்புகிறது; போர்ட் மாறிவிடுகிறது. ஸ்பிரிங்கோ, தான் கட்டிய ஆப்ஜெக்டுகளின் தொகுப்பான அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டைக் கேஷில் வைத்து, அடுத்த கிளாஸுக்கும் அதையே கொடுக்கிறது. அந்தப் பழைய கான்டெக்ஸ்டுக்குள் இருக்கும் பேமென்ட் கிளையன்ட் செத்துப்போன போர்ட்டையே தட்டிக்கொண்டிருக்கிறது. கான்டெக்ஸ்டை ஒவ்வொரு முறையும் கலைத்துவிடும் டர்ட்டீஸ் கான்டெக்ஸ்ட் போட்டால் பிரச்சினை போகும், கூடவே டெஸ்ட் ஓடும் நேரமும் பல மடங்காகும். அதை விடுங்கள். சர்வரை ஸ்டாட்டிக் பிளாக்கில் ஒரே ஒரு முறை எழுப்பி, நிறுத்தாமலே விட்டுவிடுங்கள். ஜேவிஎம் முடியும்போது அதுவும் போய்விடும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஸ்டப்களை மட்டும் ரீசெட் செய்தால் போதும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வைத்து டேட்டாபேஸ் எழுப்புகிறவர்களுக்கும் இதே கோளாறு, இதே மருந்து.

உங்கள் சேவை டாக்கர் கன்டெய்னருக்குள் (தனிச் சூழல் கொண்ட ஒரு பெட்டிக்குள்) ஓடி, ஸ்டப் வெளியே மெஷினில் ஓடினால், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் வேலைக்கு ஆகாது. கன்டெய்னருக்குள் அந்தப் பெயர் அந்தக் கன்டெய்னரைத்தான் குறிக்கும். டாக்கர் டெஸ்க்டாப்பில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயர் மெஷினைக் காட்டும். லினக்ஸில் அது தானாக வராது. கன்டெய்னரை எழுப்பும்போது ஆட்-ஹோஸ்ட் வழியாக ஹோஸ்ட்-கேட்வே என்று சேர்க்க வேண்டும். மேக்கில் ஓடுகிறது, சிஐயில் ஓடவில்லை என்ற புகார்களில் ஒரு பங்கு இங்கேயிருந்து வருவதுதான். ஸ்டப்பையும் கன்டெய்னராக்கி, இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் பெயர் வைத்துச் சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

நோட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நோட் 17-லிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு இயங்குதளம் தரும் வரிசையிலேயே முகவரி எடுக்கப்படுகிறது. பல மெஷின்களில் முதலில் வருவது ஐபிவி6 முகவரியான ::1. ஸ்டப் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் தொடர்பு கிடைக்காது. பிழைச் செய்தியில் ::1 என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், டெஸ்ட் கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எழுதுங்கள்.

404 வருகிறது, ஸ்டப் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது

இந்த 404-ஐச் சொல்வது வயர்மாக். எந்த ஸ்டப்போடும் பொருந்தாத கோரிக்கைக்கு அது தரும் பதில் இதுதான். பதிலின் உடலைப் படித்துப் பாருங்கள். மிக நெருங்கி வந்த ஸ்டப் எது, எந்த வரியில் வித்தியாசம் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்துக் காட்டியிருக்கும். நம் கிளையன்ட் கோடுகள் பெரும்பாலும் பிழை வந்தால் பதிலின் உடலைத் தூக்கி எறிந்துவிடுவதால் இந்த அருமையான தகவல் யார் கண்ணிலும் படுவதில்லை.

வழக்கமான காரணங்கள் சில. யூஆர்எல்-ஈக்வல்-டூ என்பது கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். கேட்கும் விவரங்களின் வரிசை மாறினாலே பொருந்தாது. பாதையை மட்டும் ஒப்பிடும் யூஆர்எல்-பாத்-ஈக்வல்-டூவை வைத்து, விவரங்களைத் தனித்தனியாகச் சேர்ப்பது நல்லது. உடலை ஒப்பிடும்போது சாதாரண ஈக்வல்-டூ போட்டால் ஜேசானில் ஒரு இடைவெளி மாறினாலும் போச்சு. ஈக்வல்-டூ-ஜேசான் போடுங்கள். அது ஃபீல்டுகளின் வரிசையைக் கண்டுகொள்ளாது. ஆனால் கூடுதலாக ஒரு ஃபீல்டு வந்தாலோ, பட்டியலுக்குள் வரிசை மாறினாலோ ஒத்துக்கொள்ளாது, அதற்கு இரண்டு விருப்பங்களைத் தனியாக இயக்க வேண்டும்.

பொருந்தவில்லை என்றதும் எல்லோரும் செய்வது ஸ்டப்பின் நிபந்தனைகளைத் தளர்த்துவது. எந்த யூஆர்எல் வந்தாலும் 200 சொல் என்று எழுதிவிட்டால் டெஸ்ட் பச்சையாகிவிடும். அதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள், ஸ்டப் சொல்வதுதான் சரியோ என்று பாருங்கள். எஸ்எம்எஸ் சேவைக்கு +91 என்று தொடங்கும் எண்ணை யூஆர்எல்லின் விவரமாக அனுப்புகிறீர்கள். அந்த இடத்தில் பிளஸ் குறிக்கு அர்த்தம் இடைவெளி. %2பி என்று மாற்றி அனுப்பினால்தான் எதிர்முனையில் பிளஸ் ஆகப் போய்ச் சேரும். யூஆர்எல்லைக் கட்டும் முறையைப் பொறுத்து ஸ்பிரிங் அதை அப்படியே விட்டுவிடும். வயர்மாக்கின் ஒப்பீட்டில், எதிர்பார்த்தது +91, வந்தது ஒரு இடைவெளியும் 91-உம் என்று தெரியும். அது ஸ்டப்பின் கோளாறு இல்லை. நிஜச் சேவையிலும் அந்த எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்திருக்காது.

இதைவிட மோசமானது, 404 வந்தும் டெஸ்ட் பாஸ் ஆவது. வாடிக்கையாளர் இல்லை என்றால் கேட்வே 404 தரும், உங்கள் கோட் அதைப் பார்த்துப் புதிய வாடிக்கையாளரை உருவாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டப்பின் பாதையில் ஒரு எழுத்து தவறினாலும் வயர்மாக் 404 சொல்லும், கோட் அதை நம்பும், டெஸ்ட் பாஸ். அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை. இதற்கு இரண்டு காவல் போடலாம். பொருந்தாத கோரிக்கை ஒன்று வந்தாலே டெஸ்டை விழ வைக்கும் ஃபெயில்-ஆன்-அன்மேட்ச்ட்-ரிக்வெஸ்ட்ஸ் என்ற விருப்பம் வயர்மாக்கின் ஜேயூனிட் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, இயக்கிவிடுங்கள். அல்லது எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு ஸ்டப்பை மிகக் குறைந்த முன்னுரிமையில் வைத்து, 501 மாதிரி உங்கள் கோட் எதிர்பார்க்காத ஒரு எண்ணைத் திருப்பச் சொல்லுங்கள். வயர்மாக்கில் 1 என்பதுதான் உயர்ந்த முன்னுரிமை, சொல்லாவிட்டால் 5. ஆகவே காவல் ஸ்டப்புக்கு 10 கொடுக்கலாம்.

ஸ்டப் இருந்தும் நிஜச் சேவைக்கே போய்விடுகிறது

யாரோ ஒருவரின் போனுக்கு "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும்போதுதான் இது தெரியவரும். பதிவேட்டில் கோரிக்கை இருக்காது, டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கும்.

சேவை நிறுவனங்கள் தங்கள் சேவையைக் கூப்பிடத் தரும் லைப்ரரிகளான எஸ்டிகேக்களில் முகவரி உள்ளேயே பொதிந்திருக்கும். நீங்கள் கான்ஃபிக்கில் மாற்றியது உங்கள் சொந்த கிளையன்டை மட்டும்தான் பாதிக்கும். எஸ்டிகேயில் அடிப்படை முகவரியை மாற்ற வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதற்கு முன்னால் உங்கள் சொந்த இன்டர்ஃபேஸ் ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

போர்ட் எதுவும் இல்லாமல் லைப்ரரிக்குள்ளேயே இடைமறிக்கும் கருவிகளில் இன்னொரு வலை இருக்கிறது. பைத்தானின் ரெஸ்பான்சஸ் என்ற கருவி ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வழியாகப் போவதை மட்டும் பிடிக்கும். யாராவது எச்டிடிபிஎக்ஸுக்கு மாற்றினால் அது கண்ணில் படாமலே போய்விடும், அதற்கு ரெஸ்பிஎக்ஸ் வேண்டும். நோட்டில் நாக் என்ற கருவி பழைய எச்டிடிபி மாட்யூலைப் பிடித்துக்கொண்டிருந்தது; நோட்டோடு வரும் ஃபெட்ச் அந்த வழியாகப் போவதில்லை. நாக் 14-இல்தான் அதற்கு ஆதரவு வந்தது. லைப்ரரியை மாற்றிய கமிட்டுக்குப் பின் இது தொடங்கியதா என்று பாருங்கள், பாதி நேரம் அங்கேயே விடை கிடைக்கும்.

சரி, கண்டுபிடித்துத் திருத்துவது ஒரு பக்கம். திரும்ப நடக்காமல் இருக்க வெளியே போகும் கதவையே சாத்துங்கள். டெஸ்ட் ப்ரொஃபைலில் எல்லா வெளிச் சேவைகளின் முகவரியையும் .இன்வேலிட் என்று முடியும் பெயராக எழுதிவிடுங்கள். அந்த முடிவு 1999-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2606-இல் இப்படிப்பட்ட வேலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எந்த டிஎன்எஸ்ஸும் அதற்கு முகவரி தரக் கூடாது. ஸ்டப் முகவரியை மேலே எழுத மறந்தால் டெஸ்ட் உடனே, சத்தமாக விழும். பைடெஸ்டில் பைடெஸ்ட்-சாக்கெட் இருக்கிறது, நாக்கில் டிசேபிள்-நெட்-கனெக்ட் இருக்கிறது. டாக்கரில் நெட்வொர்க்கை இன்டர்னல் என்று உருவாக்கினால் வெளியுலகத் தொடர்பே கிடையாது. நிஜ ஏபிஐ சாவிகள் டெஸ்ட் சூழலில் இருக்கவே கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாம் சேர்ந்து ஓடினால் விழுகிறது

முந்தைய டெஸ்ட் போட்ட ஸ்டப் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கோரிக்கைக்கு இரண்டு ஸ்டப் பொருந்தினால், முன்னுரிமை சமமாக இருக்கும்பட்சத்தில் வயர்மாக் கடைசியாகச் சேர்த்ததை எடுக்கும். டெஸ்ட் ஓடும் வரிசையைப் பொறுத்து எது கடைசி என்பது மாறும். முதலில் 503, அடுத்து 200 என்று மாறும் சினாரியோக்களும் இதே கதைதான்: ஒரு டெஸ்ட் அதை இரண்டாம் நிலையில் விட்டுவிட்டுப் போனால், அடுத்த டெஸ்டுக்கு முதல் பதிலே 200 ஆக வரும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ரீசெட்-ஆல் கூப்பிடுங்கள். முடிந்த பிறகு செய்வதைவிட முன்னால் செய்வது நம்பகமானது.

டெஸ்ட்கள் பேரலலாக ஓடினால் ரீசெட்டே எதிரி. ஒரு டெஸ்ட் ரீசெட் செய்யும் நேரத்தில் இன்னொன்று பாதியில் இருக்கும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று ஒரு ஆர்டர் எண்ணை உருவாக்கி, அந்த எண்ணோடு மட்டும் பொருந்தும் ஸ்டப்பை வைத்துக்கொள்ளட்டும். ரீசெட் தேவைப்படாது. எத்தனை கோரிக்கை வந்தது என்று எண்ணும்போதும் அந்த எண்ணைச் சேர்த்தே எண்ணுங்கள். எழுதும் வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பேரலல் ஓட்டத்துக்கு இதைவிட உருப்படியான வழி எனக்குத் தெரியவில்லை.

எப்போதாவது ஒரு முறை மட்டும் "நோ எச்டிடிபி ரெஸ்பான்ஸ்" என்று விழுந்தால் கனெக்ஷன் பூலைச் சந்தேகப்படுங்கள். ஸ்டப் சர்வரை அணைத்து அதே போர்ட்டில் மறுபடி எழுப்பியிருப்பீர்கள். கிளையன்ட் பழைய தொடர்பை உயிரோடு இருப்பதாக நினைத்துப் பூலிலிருந்து எடுத்து அனுப்பும். சர்வரை ஒரே முறை எழுப்பும் வழிக்கு மாறினால் இதுவும் சேர்ந்தே போய்விடும்.

200 வருகிறது, ஆனால் பதிலைப் படிக்க முடியவில்லை

பிழையில் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்ற சொல் இருக்கிறதா? ஸ்டப்பில் கன்டென்ட்-டைப் ஹெடர் எழுத மறந்துவிட்டீர்கள். வயர்மாக் அதைத் தானாகச் சேர்க்காது. ஓகே-ஜேசான் என்ற சுருக்கத்தை வைத்தால் அதுவே போட்டுவிடும்.

கால் நடந்தது நிச்சயம், வெரிஃபை மட்டும் பூஜ்யம் என்கிறது

வெரிஃபை என்பது எத்தனை கோரிக்கை வந்தது என்று வயர்மாக்கைக் கேட்பது. எஸ்எம்எஸ் அனுப்புவது க்யூ வழியாகவோ வேறு த்ரெட்டிலோ நடக்கிறது. டெஸ்ட் அவசரப்பட்டு எண்ணிவிடுகிறது. நடுவில் 2 விநாடி ஸ்லீப் போடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் அது அதிகம், சிஐயில் அது போதாது. அவெய்டிலிட்டி போன்ற ஒன்றை வைத்து, நிபந்தனை நிறைவேறும் வரை, அதிகபட்சம் 10 விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ் போகக் கூடாது என்று சோதிப்பதுதான் உண்மையில் கடினம். இன்னும் வரவில்லை என்பதும் வரவே வராது என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றேதான். க்யூ காலியாகிவிட்டது போன்ற வேறொரு அடையாளத்துக்குக் காத்திருந்து, அப்புறம் பூஜ்யமா என்று பாருங்கள்.

சிஐயில் மட்டும், அதுவும் இரவில் மட்டும் விழுகிறது

சிஐ மெஷின்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். நள்ளிரவு முதல் காலை 5:30 வரை நமக்கு ஒரு தேதி, சிஐக்கு முந்தைய தேதி. டெஸ்ட் "இன்று" என்று ஒரு தேதியை இந்திய நேரத்தில் கணக்கிட்டு ஸ்டப்பில் வைக்க, சேவை மெஷினின் நேரத்தில் கணக்கிட்டு அனுப்பினால், இரவு ஓடும் பைப்லைன் மட்டும் விழும். பகலில் யார் ஓட்டினாலும் பாஸ். கடிகாரத்தைக் கோடுக்கு வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றி, டெஸ்டில் அதை நிறுத்திவையுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஸ்டப் ஃபைலில் டோக்கன் காலாவதியாகும் தேதியை எப்போதோ தொலைவில் இருந்த ஒரு நாளாக எழுதிவைத்திருப்பார்கள். யாரும் எதையும் மாற்றாத ஒரு நாளில் எல்லா டெஸ்டும் ஒரே நேரத்தில் விழும். அந்தத் தேதியை டெஸ்ட் ஓடும்போது கணக்கிடுங்கள். ஃபைலிலேயே இருக்க வேண்டுமென்றால் வயர்மாக்கின் ரெஸ்பான்ஸ் டெம்ப்ளேட்டிங்கில் இன்றிலிருந்து இத்தனை நாள் என்று எழுத முடியும்.

நிறுவன நெட்வொர்க்கில் இருக்கும் சிஐ என்றால் ப்ராக்ஸியையும் பாருங்கள். ஸ்டப்பின் பெயர் நோ-ப்ராக்ஸி பட்டியலில் இல்லாவிட்டால், பக்கத்துக் கன்டெய்னருக்குப் போக வேண்டிய கோரிக்கை ப்ராக்ஸிக்குப் போய் 502-ஓ 503-ஓ வாங்கிக்கொண்டு வரும்.

டைம்அவுட் டெஸ்ட் பாஸ் ஆகிறது, நிஜத்தில் த்ரெட்கள் தொங்குகின்றன

ஸ்டப்பில் 5 விநாடி தாமதம் வைத்து, கிளையன்டில் 2 விநாடி டைம்அவுட் வைத்து, பிழை வருகிறதா என்று பார்க்கிறீர்கள். இது ரீட் டைம்அவுட்டை மட்டும் சோதிக்கிறது. ஸ்டப் தொடர்பை உடனே ஏற்றுக்கொண்டு, பதிலைத்தான் தாமதிக்கிறது. கனெக்ட் டைம்அவுட் வேறு விஷயம், ஸ்டப்பால் அதை ஒழுங்காக நடிக்க முடியாது. கான்ஃபிக்கில் அந்த மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு யூனிட் டெஸ்டில் பார்ப்பதோடு நான் திருப்தியடைந்துவிடுவேன்.

ரீட் டைம்அவுட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜாவாவின் பல கிளையன்டுகளில் அது இரண்டு பைட் கூட்டங்களுக்கு இடையே எவ்வளவு காத்திருக்கலாம் என்பதற்கான அளவு. மொத்த நேரத்துக்கான அளவு அல்ல. எதிர்முனை விநாடிக்கு ஒரு துணுக்கு என்று சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருந்தால் 2 விநாடி டைம்அவுட் ஒருபோதும் அடிக்காது. வயர்மாக்கில் சங்க்ட் டிரிபிள் டிலே என்று ஒரு வசதி இருக்கிறது. பதிலை 10 துண்டாக்கி 10 விநாடியில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான சேவைகள் இந்த டெஸ்டில் முதல் முறை விழும். மொத்த நேரத்துக்கென்று தனியாக ஒரு கெடு வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

அதே இடத்தில் ரீட்ரையையும் பார்த்துவிடுங்கள். பணம் வாங்கும் கோரிக்கை டைம்அவுட் ஆகி மறுபடி அனுப்பப்பட்டால், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் எடுக்கப்பட வாய்ப்பிருக்கிறது. முதலில் தாமதம், அடுத்து 200 என்று சினாரியோ வைத்து, பதிவேட்டிலிருந்து இரண்டு கோரிக்கைகளையும் எடுத்து, ஐடெம்பொட்டன்சி சாவி (அதே கோரிக்கைதான் மறுபடி வந்தது என்று கேட்வே அடையாளம் காண உதவும் எண்) இரண்டிலும் ஒன்றேதானா என்று ஒப்பிடுங்கள். சாவி ரீட்ரை வளையத்துக்கு உள்ளே உருவாக்கப்பட்டிருந்தால் இரண்டும் வேறாக இருக்கும். பதில் 200 வந்ததா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதைக் காட்டாது.

எல்லா டெஸ்டும் பச்சை, ப்ரொடக்ஷனில் உடைகிறது

இருப்பதிலேயே கடினமான அறிகுறி இது. பதிவேடும் உதவாது, ஏனென்றால் எல்லாமே பொருந்தியிருக்கிறது. ஸ்டப் என்பது நிஜச் சேவை என்றோ ஒரு நாள் எடுத்துக்கொண்ட போட்டோ மாதிரி; ஆள் மாறியிருக்கலாம், அல்லது போட்டோ எடுத்தவர் டாக்குமென்டைப் படித்துக் கையால் வரைந்திருக்கலாம்.

முதலில், ப்ரொடக்ஷனில் உடைத்த பதிலை அப்படியே, பைட் மாறாமல் கைப்பற்றி ஸ்டப்பின் பதிலோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் மகிழ்ச்சியான பாதைக்கு வெளியே இருக்கும். பிஎச்பியில் எழுதிய சேவைகளில் ஒரு பிரபலமான ஆட்டம் உண்டு. சாவி-மதிப்பு வைத்த அரே நிரம்பியிருந்தால் ஜேசானில் ஆப்ஜெக்டாக, நெளிவு அடைப்புக்குள் வரும். காலியாக இருந்தால் சதுர அடைப்பில் காலிப் பட்டியலாக வரும். பிஎச்பியின் ஜேசான் என்கோட் தானாக அப்படித்தான் செய்யும். ஸ்டப் எழுதியவர் நிரம்பிய உதாரணத்தை வைத்திருப்பார். ஜாவாவில் அதை மேப்பாகப் படிக்கும் கோட், கூடுதல் குறிப்பு எதுவும் இல்லாத முதல் நிஜ ஆர்டரிலேயே விழும்.

பணத் தொகை இன்னொன்று. இந்தியாவின் பேமென்ட் ஏபிஐக்கள் பலவற்றில் தொகை பைசாவில் போக வேண்டும். 500 ரூபாய் என்றால் 50000. ஸ்டப் எந்தத் தொகை வந்தாலும் சரி என்று தலையாட்டினால் இந்தத் தவறு டெஸ்டில் தெரியாது. எல்லா ஃபீல்டையும் கண்டிப்பாகச் சோதிக்கத் தேவையில்லை, தொகையை மட்டும் கண்டிப்பாகச் சோதியுங்கள்.

பிழைப் பதில்களைத்தான் யாரும் ஸ்டப் செய்வதில்லை. சேவைக்கு முன்னால் இருக்கும் லோட் பேலன்சர் 502 சொல்லும்போது உடலில் வருவது எச்டிஎம்எல் பக்கம். அதை ஜேசானாகப் படிக்கப் போய், மூலப் பிழை மறைந்து பார்ஸ் பிழை மட்டும் லாக்கில் மிஞ்சும். கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன என்று சொல்லும் 429-ஓடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் விநாடியாகவும் இருக்கலாம், ஒரு தேதியாகவும் இருக்கலாம். எச்டிடிபி இரண்டையும் அனுமதிக்கிறது. தொடர்பு பாதியில் அறுவது, காலிப் பதில் வருவது இவற்றையெல்லாம் வயர்மாக்கின் ஃபால்ட் வசதியில் ஒரு வரியில் செய்யலாம்.

வெப்ஹூக் கதை தனி. நிஜ கேட்வே பணம் வந்ததும் உங்களைத் திருப்பிக் கூப்பிடும். சில நேரம், நீங்கள் அனுப்பிய கோரிக்கைக்கே இன்னும் பதில் வந்து சேராத நிலையில் வெப்ஹூக் முந்திக்கொண்டு வந்துவிடும். ஆர்டர் டேட்டாபேஸில் இன்னும் எழுதப்படவில்லை, வெப்ஹூக் கையாளும் கோட் அப்படி ஒரு ஆர்டரே இல்லை என்கிறது. ஸ்டப் வைத்த டெஸ்டில் எல்லாம் வரிசையாக நடப்பதால் இது வராது. வெப்ஹூக்கை முதலில் அனுப்பிப் பார்க்கும் ஒரு டெஸ்டை நீங்களேதான் எழுத வேண்டும். கையெழுத்துச் சோதனையிலும் கவனம். கையெழுத்து வந்த பைட்களின் மேல் போடப்பட்டது. உங்கள் கோட் ஜேசானைப் படித்து ஆப்ஜெக்டாக்கி, மறுபடி எழுத்தாக்கி அதன் மேல் எச்மேக் என்ற அந்தக் கையெழுத்தைக் கணக்கிட்டால், டெஸ்டில் இரண்டு பக்கமும் அதே ஜாக்சன் (ஜாவாவின் ஜேசான் லைப்ரரி) என்பதால் பொருந்தும். நிஜத்தில் ஒரு இடைவெளி, ஒரு யூனிகோட் எஸ்கேப் மாறினாலே பொருந்தாது. கஸ்டமர் பெயர் தமிழில் இருக்கும் ஒரு வெப்ஹூக் உடலை, எஸ்கேப் செய்யப்பட்ட வடிவத்தில், ஃபைலாக வைத்துச் சோதித்தால் இது உடனே தெரியும்.

ஸ்டப் பழையதாகாமல் இருக்க என்ன செய்வது? சேவை உங்கள் நிறுவனத்தின் இன்னொரு டீமுடையது என்றால் பாக்ட் போன்ற கான்ட்ராக்ட் டெஸ்ட் சரியான வழி. 2013-இல் ஆஸ்திரேலியாவின் ரியல்எஸ்டேட்.காம்.ஏயூ டீம் ஒன்றில் பிறந்த கருவி அது. உங்கள் டெஸ்ட் எந்தக் கோரிக்கைக்கு எந்தப் பதிலை எதிர்பார்த்தது என்பதை அது ஒரு ஃபைலாக எழுதும்; அந்த டீம் தன் பைப்லைனில் அதை ஓட்டிப் பார்க்கும். வெளி நிறுவனத்தின் சேவை என்றால் அவர்கள் உங்கள் ஃபைலை ஓட்டப்போவதில்லை. சோதனைக்கென்று அவர்கள் திறந்துவைத்திருக்கும் சாண்ட்பாக்ஸுக்கு எதிராகச் சில டெஸ்ட்களை மட்டும் தினம் ஒரு முறை, மெயின் பைப்லைனுக்கு வெளியே ஓட்டுங்கள். அது விழுந்தால் ரிலீஸை நிறுத்தாதீர்கள், டீமுக்குத் தகவல் மட்டும் போகட்டும். சாண்ட்பாக்ஸ் படுத்திருப்பது உங்கள் கோடின் குற்றமல்ல.

ஸ்டப்களைக் கையால் எழுதாமல் சாண்ட்பாக்ஸிலிருந்து ரெகார்ட் செய்வதும் நல்லதுதான், வயர்மாக்கில் அதற்கு வசதி இருக்கிறது. ரெகார்ட் ஆன ஃபைல்களை கிட்டில் சேர்க்கும் முன் திறந்து படியுங்கள். டோக்கன் வழங்கும் சேவையின் பதிலில் டோக்கன் இருக்கும், வாடிக்கையாளர் விவரத்தில் போன் எண் இருக்கும்.

ஸ்டப்பே ஒரு சேவையாக வளர்ந்துவிட்டது

டெம்ப்ளேட்டுக்குள் இஃப், எல்ஸ், ஏழெட்டு நிலைகள் கொண்ட சினாரியோக்கள், எந்த ஸ்டப் எதற்கு என்று யாருக்கும் தெரியாத மேப்பிங்ஸ் ஃபோல்டர். இந்த நிலைக்கு வந்தால் அங்கே ஸ்டப் வேண்டாம், நிஜமானதோ முழுமையான மாற்றோ வேண்டும். டேட்டாபேஸுக்கு ஸ்டப்பும் வேண்டாம், டெஸ்டுக்கு மாற்றாக வைக்கும் எச்2 என்ற சின்ன டேட்டாபேஸும் வேண்டாம். ப்ரொடக்ஷனில் போஸ்ட்கிரெஸ் என்றால் டெஸ்ட்கன்டெய்னர்ஸில் அதே வெர்ஷன் போஸ்ட்கிரெஸை எழுப்புங்கள். போஸ்ட்கிரெஸின் ஜேசான்பி ஆபரேட்டர் வைத்த க்வெரி எச்2-வில் ஓடாது என்பதற்காக க்வெரியை மாற்றி எழுதும் டீம்கள் இருக்கின்றன, அது தலைகீழான வேலை. அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜுக்கு லோக்கல்ஸ்டாக், மின்னஞ்சலுக்கு 1025 போர்ட்டில் காத்திருக்கும் மெயில்பிட், அஷ்யூர் ஸ்டோரேஜுக்கு அஷ்யூரைட் என்று தயாராகக் கிடைக்கின்றன.

மற்ற சேவைகளுக்கு ஸ்டப்பைத் திரும்பச் சின்னதாக்கலாம். மேப்பிங்ஸ் ஃபோல்டரைக் காலிசெய்து, ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய ஸ்டப்பைத் தன் கோடிலேயே எழுதிக்கொள்ளட்டும். ஒரே வரி இருபது இடத்தில் திரும்ப வருகிறதே என்று யாராவது ரிவ்யூவில் சொல்வார்கள். ஒரு ஹெல்பர் மெத்தட் எழுதிக் கொடுங்கள், ஃபோல்டரை மட்டும் திரும்பக் கொண்டுவர விடாதீர்கள். எதை நீக்கலாம் என்று தெரியவில்லையா? எல்லா டெஸ்டையும் ஓட்டிவிட்டு, பதிவேட்டிலிருந்து ஒரு முறைகூடப் பொருந்தாத ஸ்டப்களைக் கண்டுபிடித்து முதலில் அவற்றைத் தூக்குங்கள்.